கன்னத்தில் அடக்கிய குலா மலாக்கா

டாக்டர் ஒரு சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தை என் கையில் கொடுத்தார்.

"இதுக்குள்ளை துப்பும்," என்றார்.

துப்பினேன். ஒன்றும் வரவில்லை. காற்றுதான் வந்தது.

"இன்னொருக்கால்."

நாக்கை மேலண்ணத்தில் தேய்த்தேன். கன்னத்தை உள்ளே இழுத்தேன். மறுபடியும் துப்பினேன். கிண்ணத்தின் அடியில் நூல் மாதிரி ஒரு வெள்ளைக் கோடு விழுந்தது. அவ்வளவுதான்.

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். கிண்ணத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீர் என்ன வேலை செய்யிறனீர்?"

"காஜா பெராங்ல டோபிக் கடை ஐயா. இஸ்திரி போடுறேன்."

"துணிக்குத் தண்ணி என்னெண்டு தெளிக்கிறனீர்?"

"வாயால."

டாக்டர் சிரித்துவிட்டார். பக்கத்தில் நின்ற மலாய்த் தாதிக்குத் தமிழ் தெரியாது. அவர் மலாயில் சொன்னதும் அவளும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. விடிந்ததிலிருந்து பொழுது சாயும் வரை வாயால் தண்ணீர் ஊதிப் பிழைக்கிறவன் நான். ஒரு கரண்டி எச்சில் காட்ட முடியவில்லை.

இது மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் வருவதற்குச் சில மாதங்களுக்கு முன் மலாக்காவில் நடந்தது. எனக்கு முப்பதை ஒட்டிய வயது.

போன வாரம் கிணற்றடியைப் பற்றி எழுதினேன். துவைக்கிற கல்லைப் பற்றி நாலு பேர் கடிதம் போட்டிருந்தார்கள். சந்தோஷம். இந்த வாரம் கல்லிலிருந்து மேசைக்கு வருகிறேன்.

இரண்டு பல்லுக்கு நடுவே

எங்கள் கடையில் ஐந்து பேர். இரண்டு பேர் கல்லில். ஒருவன் கஞ்சி காய்ச்சிக் கொடியில் போடுவான். இரண்டு பேர் இஸ்திரி மேசையில். நானும் ஆரோக்கியமும்.

வாசலை ஒட்டிய மேசை என்னுடையது. வெள்ளைத் துணி எல்லாம் அந்த மேசைக்குத்தான் வரும். வக்கீல் சட்டை, பாதிரியார் அங்கி, பேங்கில் கணக்கெழுதும் கிராணியின் சிலுவார், அதாவது கால்சட்டை. கல்லில் ஆறு வருடம் அடித்துத் துவைத்த பிறகு அந்த மேசை எனக்குக் கிடைத்தது.

கிடைத்ததற்குக் காரணம் என் பல். மேல் வரிசையில் முன்னால் இருக்கிற இரண்டு பல்லுக்கும் நடுவில் ஒரு சந்து. ஒரு நெல் நுழையும். வாய் நிறையத் தண்ணீர் வைத்து, உதட்டை இறுக்கி, அந்தச் சந்து வழியாக ஊதினால் தண்ணீர் பனி மாதிரி இறங்கும். துணி மேல் விழுந்ததே தெரியாது. தொட்டால் ஈரம் இருக்கும்.

துளி பெரிதாக விழுந்தால் கெட்டது. கஞ்சி போட்ட துணியில் துளி விழுந்த இடத்தில் சூட்டுப் பெட்டி பட்டால் வட்டமாக ஒரு கறை நிற்கும். மறுபடி துவைக்க வேண்டும். அதற்கும் கல்லில் இருக்கிறவன் திட்டுவான்.

வாயால் ஊதுவது சுகாதாரத்துக்காரர்களுக்குப் பிடிக்காது. அவர்கள் வருகிற செய்தி எப்படியோ முன்னாலேயே வந்துவிடும். ஆரோக்கியம் மாவிலைக் கொத்து ஒன்றை வாளியில் போட்டு வைப்பான். அவர்கள் நிற்கிற வரை கோயில் ஐயர் மாதிரி இரண்டு பேரும் இலையால் தெளிப்போம். ஒருமுறை வந்தவர் வெகுநேரம் நின்று பார்த்தார். போகும்போது, "இந்தக் கொத்து வாங்கி எத்தனை மாசம்?" என்று கேட்டார். இலை எல்லாம் காய்ந்து சருகாக இருந்தது. நாங்கள் பார்க்கவே இல்லை. அவரும் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

அது கிடக்கட்டும். பல்லுக்கு வருகிறேன்.

முதலில் ஈறு ஓரத்தில் பழுப்பாக ஒரு கோடு வந்தது. சாம்பலால் தேய்த்தேன். போகவில்லை. பிறகு பச்சைத் தண்ணீர் பட்டால் சுரீர் என்றது. பிறகு நாக்கு நுனிக்கு ஒரு பள்ளம் தட்டுப்பட்டது. இரண்டு பல்லிலும். சந்துக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று.

பள்ளம் வந்ததும் ஊதுவது கெட்டது. இடது பக்கம் பனி. வலது பக்கம் மழை.

மொதலாளி ஒரு வக்கீல் சட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தார். முதுகில் மூன்று வட்டம்.

"டேய் கோவிந்தா. என்னடா இது, ஓட்டை ஓலைக்குக் கீழ காய வச்சியா?"

"பல்லு மொதலாளி."

"காட்டு."

காட்டினேன். அவர் மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக் குனிந்து பார்த்தார்.

"இந்த ரெண்டும் போச்சுன்னா நீ கல்லுக்குத்தான் போவணும். ஆரோக்கியத்த முன் மேசைல போடுவேன். வேற வழியில்ல."

அவர் கெட்டவர் இல்லை. அதுதான் தொழில். பல் போனவன் ஊதினால் உதட்டோரத்தில் ஒழுகும்.

"ஆகஸ்ட்ல பேண்டுக்காரங்க வெள்ளக் கோட்டு அத்தனையும் நம்ம கடைக்குத்தான் வருது," என்றார். "மெர்டேக்கா ஊர்வலத்துக்கு, சொதந்திர நாளுக்கு. அதுக்குள்ள ஒரு வழி பண்ணு."

அந்தக் கோட்டுகளை நான்தான் தேய்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. பெரிய ஆசை எல்லாம் எனக்குக் கிடையாது. அது ஒன்று இருந்தது.

அதனால்தான் பல் டாக்டரிடம் போனேன்.

தண்ணீர் குடிக்காத மேசை

டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். என்னைவிட நாலைந்து வயது சின்னவர். மீசை அப்போதுதான் கெட்டியாகிக்கொண்டிருந்தது. ஆனால் கேள்வி கேட்பதில் போலீஸ்காரர் தோற்பார்.

"விடியப்புறம் எத்தினை மணிக்கு வேலை தொடங்கும்?"

"ஆறு."

"எத்தினை தரம் தண்ணி குடிக்கிறனீர்?"

"மத்தியானம் ஒரு தடவ."

"ஏன் காணும்? அவ்வளவு சூட்டிலை நிண்டு?"

சொன்னேன். மேசையில் நிற்கிறவன் தண்ணீர் குடிக்கக் கூடாது. அது எங்கள் வழக்கம். வயிற்றில் தண்ணீர் இருந்தால் ஏப்பம் வரும். ஊதும்போது ஏப்பம் வந்தால் துணி போச்சு. எனக்குச் சொல்லிக் கொடுத்தவரும் குடிக்க மாட்டார். அவருக்குச் சொல்லிக் கொடுத்தவரும் குடிக்க மாட்டாராம்.

"அவையளுக்குப் பல்லு இருந்ததோ?"

யோசித்துப் பார்த்தேன். இல்லை. இரண்டு பேருமே பொக்கை. எனக்கு அதுவரை அது தோன்றவே இல்லை.

"வாயிலை வைக்கிற தண்ணி வெறும் தண்ணியோ?"

"வெள்ளைக்குக் கொஞ்சம் கஞ்சி கலந்துக்குவோம்."

"தேத்தண்ணி?"

"கோப்பி. டின்னுப் பால் ஊத்தி. ஒரு மக்கு வச்சிக்கிட்டு அப்பப்ப ஒரு வாய்."

"அப்ப தண்ணி குடிக்கப்படாது, கோப்பி குடிக்கலாம்?"

"ஒரு வாய்தான ஐயா."

அவர் அதைத் தாதியிடம் மலாயில் சொன்னார். தாதி கூரையைப் பார்த்தாள்.

பிறகு அவர் நாற்காலியை இழுத்து என் எதிரில் உட்கார்ந்து சொன்னார். வாயில் எது போனாலும், இனிப்போ கஞ்சியோ, கொஞ்ச நேரத்தில் அது புளிப்பாகும். அந்தப் புளிப்பு பல்லைக் கரைக்கும். எச்சில்தான் அதைக் கழுவுகிறது. புளிப்பை முறிக்கிறது. கரைந்து போன சுண்ணாம்புச் சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பல்லுக்குத் திருப்பிக் கொடுக்கிறது. எச்சில் வற்றினால் புளிப்பு அங்கேயே நிற்கும்.

"சின்னப் பிள்ளையளுக்கு மட்டும்தான் பல்லுச் சூத்தை எண்டு நினைக்கினம். பிழை. வளந்த ஆக்களுக்கு முரசு இறங்கும். வேர் வெளியாலை தெரியும். வேரிலை பல்லு மெல்லிசு. அதிலை எச்சிலும் இல்லையெண்டா, கெதியா அரிக்கும்."

முரசு என்று அவர் சொன்னது ஈறை. விரல் வைத்துக் காட்டினார்.

எனக்குப் புரிந்தது. சோடா போட்ட துணியை அலசாமல் கொடியில் போட்டால் என்ன ஆகும் என்று தெரிந்தவன் நான். நாலு தடவையில் நூல் இற்றுவிடும். எச்சில் என்பது அலசுகிற தண்ணீர். என் வாயில் அலசல் இல்லை.

அன்று அடைக்க முடியாது என்றார். ஈறு வீங்கி இரத்தம் கசிந்தது. அது ஆற வேண்டும்.

"ஒரு மாதத்தாலை வாரும். பள்ளம் இப்பிடியே நிண்டா அடைச்சு விடுவன். ஆழமாப் போயிருந்தா கழட்டத்தான் வேணும். ரெண்டையும்."

வாசல் வரை வந்து மறுபடி சொன்னார். "கோப்பிக்குச் சீனியும் பாலும் விடாதேயும். வாய் காயவிடாதேயும். எச்சில் ஊற வேணும். விளங்கிச்சுதோ?"

"வெளங்கிச்சு," என்றேன்.

பீபிக் வீட்டு அடுப்பு

வீட்டில் சரசுவிடம் சொன்னேன். சரசு என் மனைவி. நான் பேசாததை எல்லாம் சேர்த்து அவள் பேசிவிடுவாள்.

"எச்சி இல்லன்னாரா? உங்களுக்கா? ஒரு நாளைக்கு நாலு வார்த்த பேசுற வாயில எச்சி எப்படிங்க வத்தும்? எனக்கு வத்துனாலும் நியாயம் இருக்கு."

அன்றிலிருந்து கோப்பி கசந்தது. சீனி இல்லை, பால் இல்லை. நான் முகம் சுளிக்காமல் குடித்தேன்.

"டாக்டரு சொன்னா மட்டும் அப்படியே கேக்குறீங்க. நான் சொன்னா காதுல ஏறாது," என்றாள். ஆனால் அவளும் சீனி டப்பாவை உயரத்தில் தூக்கி வைத்துவிட்டாள்.

எச்சில் ஊற வேண்டும். எப்படி ஊற வைப்பது? அதுதான் தெரியவில்லை. இரண்டு நாள் யோசித்தேன்.

எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு செட்டி வீடு. பல தலைமுறைக்கு முன் இங்கே வந்து மலாய்ப் பேச்சுக்கு மாறிவிட்ட தமிழர்கள். அங்கே இருந்த அம்மாவை எல்லோரும் பீபிக், அதாவது அத்தை, என்போம். நெற்றியில் திருநீறு இருக்கும். கோயிலுக்கு எங்களுக்கு முன்னால் வந்து நிற்பார். தமிழ் மட்டும் வராது. எல்லாம் மலாய்தான். பலகாரம் செய்து விற்பார்.

மூன்றாம் நாள் வேலை விட்டு வந்தபோது பீபிக் வாசல் பக்கத்து அடுப்பில் குலா மலாக்கா உருக்கிக்கொண்டிருந்தார். தென்னம்பாளையில் இறக்குகிற வெல்லம். மூங்கில் அச்சில் உருட்டிக் கறுப்பாக இருக்கும். உருகும்போது வரும் வாசம் தெருமுனை வரைக்கும் போகும்.

நான் நின்றேன்.

என் வாயில் எச்சில் ஊறியது.

ஊறியது என்றால் கொஞ்சம் இல்லை. விழுங்க வேண்டியிருந்தது. மறுபடி ஊறியது. மறுபடி விழுங்கினேன். அப்படியே நின்று நாலைந்து தடவை விழுங்கினேன். பீபிக் பார்த்துவிட்டார். பசியோடு நிற்கிறான் என்று நினைத்திருப்பார். ஒரு துண்டு உடைத்துக் கையில் வைத்தார்.

"அம்பில் லா," என்றார். எடுத்துக்கோ என்று அர்த்தம்.

கன்னத்தில் அடக்கினேன். வீடு வரைக்கும் வாய் நிறைய ஈரம்.

எனக்கு அவ்வளவு சந்தோஷம் வந்து நாளாகியிருந்தது. மருந்து இதுதான் என்று முடிவு செய்தேன். சீனி கடையில் விற்கிற வெள்ளைத்தூள். டாக்டர் வேண்டாம் என்றது அதை. இது மரத்தில் இறங்குவது. எங்கள் பக்கம் பிள்ளை பெற்றவளுக்குக் கொடுப்பது. இது எப்படிக் கெடுதல் செய்யும்? அப்படித்தான் நினைத்தேன்.

மறுநாள் காலை கன்னத்தில் ஒரு கட்டியோடு மேசைக்குப் போனேன்.

கடை முழுக்க வீங்கிய கன்னம்

"அண்ணே, குளவி கொட்டிருச்சா?" என்றான் ஆரோக்கியம்.

இல்லை என்று தலையாட்டினேன். வாயில் கட்டி. பேச முடியாது.

"பின்ன என்ன, பல்லு வீங்கிருச்சா?"

கட்டியை நாக்கில் தள்ளிக் காட்டினேன். சொன்னேன். எச்சில் இருந்தால் பல் நிற்கும். டாக்டர் சொன்னார்.

"டாக்டரா இதச் சொன்னாரு?"

"எச்சி ஊறணும்னாரு."

அவன் யோசிக்கவே இல்லை. "எனக்கும் ஒண்ணு குடுங்கண்ணே."

இரண்டு நாளில் கல்லில் இருந்த இருவரும் வாயில் போட்டார்கள். கஞ்சி காய்ச்சுகிறவன் போட்டான். நாலாம் நாள் மொதலாளி வந்து ஒவ்வொருவர் கன்னத்தையும் பார்த்தார்.

"என்னடா எல்லாரும் கொரங்கு மாதிரி அடக்கி வச்சிருக்கீங்க?"

ஆரோக்கியம்தான் பதில் சொன்னான். "பல்லுக்கு மருந்து மொதலாளி. அரசாங்க டாக்டரு சொன்னது."

மொதலாளிக்குக் கடைவாய்ப் பல் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. மறுநாள் அவருக்கு இரண்டு கன்னமும் வீங்கியிருந்தது.

அந்த மாதிரி சந்தோஷமான நாட்கள் எங்கள் கடையில் அதற்கு முன் இருந்ததில்லை. யாரும் கத்தவில்லை. மொதலாளி திட்ட வாயைத் திறந்தால் ஒழுகும். அதனால் திட்டுவதை விட்டார். கல்லில் இருந்தவன் துணியை அடித்துக்கொண்டே மூக்கால் பாட்டு முணுமுணுத்தான். பீபிக் எங்களுக்கென்று தனியாக உருட்டி வைத்தார்.

எறும்பு வந்தது. அது ஒரு தொல்லை. மேசைக் காலுக்குத் தண்ணீர்க் கிண்ணம் வைத்தோம். அப்படியும் பேங்க் கிராணியின் காலருக்குள் ஒரு கட்டெறும்பு போய்விட்டது. அவர் பேங்கில் குதித்த கதையை அவரே வந்து சொன்னார். கோபமாகத்தான் ஆரம்பித்தார். முடிக்கும்போது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

ஊதுவதும் முதல் வாரம் நன்றாக இருந்தது. வாய் ஈரமாக இருந்ததால் உதடு ஒட்டவில்லை.

மூன்றாம் வாரம் ஒரு நாள் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைத்தேன். மண்டை வரைக்கும் ஏறியது. மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாயில் இருந்த தண்ணீர் முழுவதும் ஒரு பாதிரியார் அங்கியில் கொட்டியது.

திரும்பிப் பார்த்தால் ஆரோக்கியம் தாடையைத் துண்டால் கட்டிக்கொண்டு நிற்கிறான்.

"உனக்கென்னடா?"

"ராத்திரியெல்லாம் தூக்கமில்லண்ணே. கடவாய்ல குத்துது. மருந்து பத்தலையோ? ரெண்டு கட்டியாப் போடவா?"

தட்டில் வைத்த கட்டி

இரண்டு பேருமாகப் போனோம்.

டாக்டர் என் வாய்க்குள் பார்த்தார். அவர் முகம் மாறியது. கொக்கிக் கம்பியால் பள்ளத்தைத் தொட்டார். நான் நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்தேன்.

"முரசு ஆறியிருக்கு. ஆனா பள்ளம் பெருத்திட்டுது. புதுசா இன்னும் ரெண்டு. ஒரு மாதத்துக்குள்ளையோ? கோப்பிக்குச் சீனி விட்டனீரோ?"

"இல்லீங்க."

"பால்?"

"இல்லீங்க. கசப்புதான்."

"பிறகு என்னெண்டு?" அவர் இன்னும் குனிந்தார். "அது என்ன, கன்னத்துக்குள்ளை?"

மருந்து. டாக்டரிடம் போகிறோம் என்று புதுக்கட்டியாகப் போட்டிருந்தேன். எடுத்து அவருடைய தட்டில் வைத்தேன். கம்பி, கண்ணாடி, பஞ்சு, பக்கத்தில் கறுப்பாக ஒரு கட்டி.

அவர் அதைக் கம்பியால் புரட்டினார். முகர்ந்தார்.

"இது குலா மலாக்கா எல்லோ?"

"ஆமாங்க. எச்சி நல்லா ஊறுது."

"எவ்வளவு நேரம் வைச்சிருப்பீர்?"

"காலைலேர்ந்து வேல முடியிற வரைக்கும். கரைஞ்சா வேற போடுவேன்."

"நித்திரைக்கும் வைப்பீரோ?"

"இல்லீங்க." கொஞ்சம் யோசித்து உண்மையைச் சொன்னேன். "மத்தியானம் சாஞ்சா வைப்பேன்."

டாக்டர் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். முதுகு குலுங்கியது. தாதி என்ன என்று கேட்டாள். அவர் சொல்ல முயன்றார். முடியவில்லை. கட்டியைக் கையால் காட்டினார். அவள் என் கன்னத்தையும் ஆரோக்கியத்தின் கன்னத்தையும் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடிவிட்டாள்.

ஆரோக்கியம் மெதுவாகக் கேட்டான். "அண்ணே, டாக்டரு சொன்னாருன்னு சொன்னீங்களே?"

நான் தட்டில் இருந்த கட்டியைப் பார்த்தேன்.

டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார். "பிழை என்னிலையும் இருக்கு. எச்சில் வேணும் எண்டு சொன்னனான். எதாலை எண்டு சொல்லேல்லை." பிறகு சொன்னார். எச்சில் ஊறுகிறது சரி. ஆனால் இனிப்பும் கூடவே நிற்கிறது. சாப்பிட்ட பிறகு எச்சிலுக்குக் கொஞ்ச நேரம் வேண்டும், வாயைச் சுத்தம் பண்ண. நாள் முழுக்க இனிப்பை அடக்கி வைத்தால் அதற்கு ஓய்வே இல்லை. எவ்வளவு ஊறினாலும் தோற்கும்.

அன்று சாயங்காலம் இதையே சரசுவிடம் சொன்னேன். அவள் ஒரே வரியில் முடித்துவிட்டாள். "ஒரு கையால அலசிக்கிட்டே இன்னொரு கையால அழுக்கக் கொட்டியிருக்கீங்க."

டாக்டர் அப்போதே பள்ளத்தைச் சுரண்ட ஆரம்பித்தார். தையல் மெஷின் மாதிரி காலால் மிதிக்கிற கருவி. தாதி மிதித்தாள். சக்கரம் சுற்றியது. ஒரு பல் சீக்கிரம் முடிந்தது. இரண்டாவதில் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார்.

"நரம்புக்குக் கிட்டப் போயிட்டுது."

சக்கரம் நின்றது.

"கழட்டணுமா ஐயா?"

அவர் மருந்து வைத்து மேலே வெள்ளைச் சாந்தால் அடைத்தார். பூச்சு வேலைக்காரன் மாதிரி கவனமாக வழித்துவிட்டார்.

"ரெண்டு கிழமை பாப்பம். நோவு வராட்டில் பல்லு உம்மடை. வந்தா என்னட்டை வாரும். கழட்டுவன்."

பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார். ஒவ்வொன்றாக. வெறும் தண்ணீர், அடிக்கடி. கஞ்சி கையால் தோய்க்க வேண்டும், வாயில் வைக்கக் கூடாது. எச்சிலுக்கு எதையாவது மெல்ல வேண்டும், இனிப்பில்லாமல்.

"மெல்லேக்கை எச்சில் தானா வரும். முத்தின தேங்காய்த் துண்டு நல்லது. தேங்காய். வெல்லம் இல்லை. என்ன சொன்னனான்?"

"தேங்காய். வெல்லம் இல்ல."

"திருப்பிச் சொல்லும்."

மூன்று தடவை சொல்ல வைத்தார்.

ஆரோக்கியத்தின் கடைவாய்ப் பல்லைக் காப்பாற்ற முடியவில்லை. அன்றே பிடுங்கினார். அவன் அதைக் காகிதத்தில் மடித்து எடுத்து வந்து மொதலாளியிடம் காட்டினான். மொதலாளி இரண்டு கன்னத்தில் இருந்ததையும் வாசலில் துப்பினார்.

இரண்டு வாரம்

வீட்டுக் கெண்டியைக் கொண்டுவந்து மேசைக்கடியில் வைத்தேன். முதல் நாள் கல்லில் இருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். மேசைக்காரன் தண்ணீர் குடிக்கிறான்!

குடித்தேன். ஊதினேன். வழக்கம் பொய் இல்லை. ஏப்பம் வந்தது. தண்ணீர் மொதலாளியின் முதுகில் விழுந்தது.

"மழைக்கு இடியும் சேந்து வருதுடா," என்றார்.

இரண்டு மூன்று நாளில் பழகிவிட்டது. குடித்ததும் ஊதக் கூடாது. ஒரு சட்டைக் கை தேய்க்கிற நேரம் விட வேண்டும். இவ்வளவுதான் விஷயம். இதைத் தெரிந்துகொள்ளாமல் எத்தனை பேர் பொக்கையாகப் போயிருக்கிறார்கள்.

சரசு தேங்காயைக் கீற்றுக் கீற்றாக அறுத்துத் துணியில் முடிந்து கொடுத்தாள். பீபிக்கிடம் போய் இனிமேல் கட்டி வேண்டாம் என்று அவள்தான் சொன்னாள். அவளுக்குத் தெரிந்த மலாயும் கையும் கலந்து சொன்னாள். பீபிக் கன்னத்தில் அடித்துக்கொண்டார். மறுநாளிலிருந்து பலகாரத்துக்குத் துருவி மிஞ்சின தேங்காய்ச் சில்லுகள் எங்கள் வீட்டுக்கு வந்தன.

ஊதுவதுதான் புதுக்கவலை. அடைத்த சாந்தால் சந்து மாறியிருந்தது. முதல் ஊதல் நேராகப் போகவில்லை. ஆரோக்கியத்தின் காதில் போய் விழுந்தது.

"இந்தப் பக்கம் துணி இல்லண்ணே, நான்தான் இருக்கேன்!"

வேலை முடிந்த பிறகு பழைய சாக்கைக் கொடியில் போட்டு ஊதிப் பார்த்தேன். உதட்டை இப்படி, அப்படி. கன்னத்தை ஒடுக்கி, விரித்து. ஆரோக்கியம் பக்கத்தில் நின்று சொல்லுவான். "கீழ. இன்னும் கீழ. போச்சு, மொதலாளி செருப்புல." முன் மேசை அவனுக்குக் கிடைக்க வேண்டியது. அவன்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தான். அவனைப் பற்றி இது ஒன்றைச் சொன்னால் போதும்.

ஒவ்வொரு நாளும் காலையில் பச்சைத் தண்ணீரை வாயில் வைப்பேன். கண்ணை மூடிக்கொள்வேன். சரசு அடுப்படியிலிருந்து கேட்பாள்.

"வலிக்குதா?"

"இல்ல."

மறுநாள். "வலிக்குதா?" "இல்ல."

பதினான்கு நாளும் அப்படித்தான் போனது. பதினைந்தாம் நாள் அவள் கேட்கவில்லை. நான் தண்ணீரைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு அவளைப் பார்த்தேன். அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளைக் கோட்டு

பேண்டுக்காரர்களின் கோட்டுகள் இரண்டு கட்டாக வந்தன. தும்பைப்பூ மாதிரி வெளுத்து, கஞ்சி ஏறி விறைத்து என் மேசைக்கு வந்தன. சிரட்டைக்கரி நன்றாகக் கனிந்திருந்தது.

தண்ணீரை வாயில் வைத்தேன். ஊதினேன்.

வாசல் வெயிலில் அது இறங்கியதைக் கடையில் எல்லோரும் பார்த்தார்கள். முன்னைவிடப் பொடி. சாந்து அடைத்ததில் சந்து கொஞ்சம் குறுகிவிட்டது. அதுதான் காரணம். புகை மாதிரி போய்த் துணியில் உட்கார்ந்தது. ஒரு துளி இல்லை.

மொதலாளி மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளினார். போய்க் கரியைக் கிளறிவிட்டார். அவர் கரி கிளறி நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

ஊர்வலத்தன்று சரசுவும் நானும் பாதையோரம் நின்றோம். ஊரே அங்கே இருந்தது. பீபிக் பெட்டியிலிருந்து எடுத்த சரோங் கட்டிக்கொண்டு வந்திருந்தார். ஆரோக்கியம் ஒரு கொடியைப் பிடித்துக்கொண்டு, பல் போன பக்கம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான். பேண்டு சத்தம் தூரத்தில் கேட்டது. பிறகு கிட்ட வந்தது. வெள்ளையாக வரிசை வரிசையாக வந்தார்கள். கூட்டம் கை தட்டியது. நான் காலரைப் பார்த்தேன். முதுகைப் பார்த்தேன். வட்டம் இல்லை.

சரசு என் காதில் கத்தினாள். "எதுங்க நீங்க தேச்சது?"

"எல்லாம்," என்றேன்.

பேண்டு போய் வெகுநேரம் ஆன பிறகும் அவள் என் கையை விடவில்லை.

அடுத்த வாரம் கடைக்கு ஒரு கட்டு வந்தது. டாக்டர் போடுகிற நீளக் கோட்டு மூன்று. தாதிதான் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனதாகச் சொன்னார்கள். நான் வேறு யாரிடமும் கொடுக்கவில்லை. நானே தேய்த்து, நானே எடுத்துக்கொண்டு போனேன்.

டாக்டர் ஒன்றைப் பிரித்துப் பார்த்தார். காலரைத் தடவினார். கை மடிப்பை வெளிச்சத்தில் பிடித்தார்.

"வடிவா இருக்கு," என்றார். பிறகு நின்றார். கோட்டைக் கொஞ்சம் தூரமாகப் பிடித்துக்கொண்டார்.

"கோவிந்தன், உண்மை சொல்லும். இதுக்குத் தண்ணி கையாலையோ, வாயாலையோ?"

நான் போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். வாயைத் திறந்தேன்.

அவர் கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு, சின்னக் கண்ணாடியை எடுத்து உள்ளே விட்டுப் பார்த்தார். மேலே பார்த்தார். கீழே பார்த்தார். நாக்கைத் தூக்கச் சொன்னார். இரண்டு பல்லையும் கம்பியால் தட்டிப் பார்த்தார். நான் அசையவில்லை.

வெகுநேரம் பார்த்தார்.

"பரவாயில்லை," என்று சொல்லிவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டார்.